கடிக்காத பெல்ட்

"எத்தனை அடி எறங்கணும், ஐயா?" என்று நஜீப் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நாகலிங்கம் பதில் தயாரித்துக்கொண்டு வரவில்லை. கடைக்கூரையில் கட்டித் தொங்கவிட்டிருந்த ரப்பர் படகைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எறங்கலீங்க."

"அப்ப ஏறவா?"

"ஏறவும் இல்ல."

"பின்ன என்ன செய்யப் போறீங்க?"

"நேரா போகணும்."

"எவ்வளவு தூரம்?"

"ரெண்டு மைல் இருக்கும்."

"ஒசரம்?"

"தரையில இருந்து ஒரு எட்டடி."

நஜீப் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். மாவனல்லைக்காரர். கித்துல்கலையில் ஆற்றோரம் கடை போட்டு, கொழும்புப் பொடியன்களையும் வெள்ளைக்காரர்களையும் அருவி அருவியாகக் கயிற்றில் இறக்கிவிடுவது அவர் தொழில். எட்டடி உயரத்தில் இரண்டு மைல் போக வேண்டும் என்று வந்து நின்ற முதல் ஆள் நாகலிங்கம்தான்.

"என்ன வேலைக்குண்டு செல்லுங்களேன். அப்பத்தானே சாமான் காட்டலாம்."

"மரம் வெட்ட."

"ரெண்டு மைல் நீளத்துக்கு மரமா?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க? பெல்ட்டக் காட்டுங்க. முதுகுப் பக்கம் வளையம் இருக்கணும், நான் குப்புறத்தான் தொங்குவேன். வேட்டிக்கு மேல தெரியவும் கூடாது."

"மரம் வெட்ட வேட்டியா?"

நாகலிங்கம் முறைத்தார். தோட்டத்தில் அந்த முறைப்புக்கு நூறு பேர் பயப்படுவார்கள். நஜீப் பயப்படவில்லை, தோளுக்கு இரண்டு, தொடைக்கு இரண்டு, இடுப்புக்கு ஒன்று என்று பட்டைகள் வைத்துத் தைத்த முழு உடம்பு பெல்ட் ஒன்றை எடுத்து மேசையில் போட்டார்.

நாகலிங்கம் எப்படிப்பட்ட ஆள் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பால்வெட்டுக்காரர்களை நிற்க வைத்து ஏசுவது அவருடைய உத்தியோகம். மாலையில் மாரியம்மன் கோவில் கமிட்டித் தலைவராக அதே ஆட்களை மைக்கில் ஏசுவது அவருடைய பக்தி. போன வருடத் திருவிழாவில் ட்ரெக்டர் டிரைவர் தினேஷ் பறவைக்காவடி எடுத்தான். முதுகிலும் காலிலும் கொக்கி முள் குத்தி, அந்த முட்களில் கட்டிய கயிறுகளில் அவனை ட்ரெக்டர் கம்பத்தில் தூக்கியபோது, பாவம், "அம்மா!" என்று ஒரு தடவை கத்திவிட்டான்.

உடனே மைக்கைப் பிடுங்கினார் நாகலிங்கம். "பக்தி உள்ளவனுக்கு வலிக்காது! பக்தி இல்லாதவனுக்குத்தான் வீட்டு அம்மா ஞாபகம் வரும்!" என்றார். சனங்கள் சிரித்தார்கள். அன்று முதல் லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகள் தினேஷைக் கண்டால் "அம்மா!" என்று கத்திவிட்டு ஓடுகின்றன. அதோடு விட்டாரா? நேர்த்தி வைத்து நிறைவேற்றாதவன் கமிட்டியில் இருக்கக் கூடாது என்று ஒரு சட்டமும் போட்டார். தனக்குத் தானே குழி வெட்டுகிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த மழைக்கு அவருக்கு டெங்கு வந்தது. சேலைன் ஊசி ஏற்றுவதற்கே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்த மனிதர், இரத்தம் குறைகிறது என்று கேள்விப்பட்டதும் வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "ஆத்தா! என்னையக் காப்பாத்திரு! ஒனக்குப் பறவைக்காவடி எடுக்கிறேன்!"

மொட்டை போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். தலையில் முடியும் அவ்வளவாக இல்லை. பால்குடம் என்றாவது சொல்லியிருக்கலாம். வாயில் அதுதான் வந்தது. பார்க்க வந்த தோட்டத்துப் பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் குணமாகி வீடு திரும்புவதற்கு முன்பே, செய்தி மேல் லயத்திலிருந்து கீழ் லயம் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. மனைவி கிருஷ்ணகுமாரி விரதத்தையே ஆரம்பித்துவிட்டாள்.

காவடி எடுக்காவிட்டால் தலைவர் பதவி போகும். எடுத்தால் உயிர் போகும். இரண்டில் எது பெரியது என்று யோசித்துப் பார்த்தார், முடிவு சொல்லத் தெரியவில்லை. முள் குத்துவது ஒரு நொடி வேலை, கண்ணை மூடிக்கொள்ளலாம். தோலில் தொங்குவதுதான் ஆகாத காரியம். ஆகவே உள்ளே பெல்ட் போட்டுக்கொண்டு, பாரத்தை எல்லாம் பெல்ட்டில் விட்டு, முட்களை ஒப்புக்குக் குத்திக்கொள்வது என்று தீர்மானித்துத்தான் கித்துல்கலைக்கு பஸ் ஏறினார்.

"கயிறு எது?" என்றார் நஜீப். "இது இழுபடாத கயிறு. கீழ எறங்கவும் தொங்கவும் இதுதான் சரி. அந்த மஞ்சள் ஏறுற ஆக்களுக்குரியது. விழுந்தா இழுபட்டுக் குடுக்கும்."

"மஞ்சளே குடுங்க."

"ஐயா, கயிற கலரு பாத்தா எடுக்கிற?"

"நேர்த்திக்கு மஞ்சள்தானே..." என்று தொடங்கிய நாகலிங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மஞ்சள் மெதுவா இருக்கு. அதான்."

"ஹெல்மட்?"

"வேணாம். தலையில பூ வைக்கணும்."

நஜீப் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. உள்ளங்கை அளவில் கரபினர் என்ற கொக்கி வளையம் ஒன்றை மட்டும் எடுத்து, அதன் வாயைத் திறந்து மூடிக் காட்டினார். 'டக்' என்றது. "இத மாட்டினா மட்டும் பத்தாது. இந்தத் திருகையும் பூட்டணும். இது பூட்டாட்டி, நீங்க வாங்கின மத்த எல்லாம் சும்மா அலங்காரம்."

கரபினர் என்ற சொல் நாகலிங்கத்தின் வாயில் நுழையவில்லை. "அந்தப் பூட்டையும் போடுங்க," என்றார்.

கம்பத்தில் பூட்டை மாட்ட ஒரு ஆள் வேண்டும். கம்பம் ட்ரெக்டரில் இருக்கிறது. ட்ரெக்டர் தினேஷிடம் இருக்கிறது. போயும் போயும் அவனிடமே போய் நின்றார் நம் தலைவர்.

"இது வெளிய போச்சுன்னா உனக்கு ட்ரெக்டர் இல்ல, மம்பட்டிதான். வெளங்குதா?"

"ஹரிங்க ஐயா," என்று தலையாட்டினான் தினேஷ். பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "போன வருசம் எனக்கும் இப்படி ஒண்ணு குடுத்திருக்கலாமேங்க."

"உனக்கு எதுக்குடா? நீ கத்துனா கத்துனதுதான். நான் கத்துனா கமிட்டிக்கே அவமானம்."

ஞாயிற்றுக்கிழமை, ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகையில் உலர்த்தும் புகைக்கூடத்தில் ஒத்திகை நடந்தது. உத்திரத்தில் மஞ்சள் கயிற்றைப் போட்டார்கள். ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே நாகலிங்கமும் ஒரு ஷீட்டாகத் தொங்கத் தயாரானார்.

"இழுடா!"

தினேஷ் இழுத்துத் தூணில் கட்டினான். நாகலிங்கம் மேலே போனார். பிறகு கீழே வந்தார். மூக்கு தரையைத் தொட்டது. மறுபடியும் மேலே போனார்.

"நிப்பாட்டுடா!"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. கயிறுதாங்க."

"இப்படியே ரோட்டுல போனா என்ன ஆகும்?"

"சாமி வந்து ஆடுறீங்கன்னு நெனைப்பாங்க."

"நல்லதுதானே?"

"கல்லுல மூஞ்சி தேயுமேங்க, ஐயா."

கயிற்றை இரட்டையாக மடித்துப் பார்த்தார்கள். ஆட்டம் குறைந்தது, ஆனால் ஆள் சுற்ற ஆரம்பித்தார். ஒரு பக்கம் சுற்றி முடித்து, மறுபக்கம் சுற்றி, வாந்தியும் எடுத்தார். அதை விட மோசம் பெல்ட். தொடையிலும் அக்குளிலும் அப்படிக் கடித்தது. திங்கட்கிழமைப் பெரட்டுக்கு நாகலிங்கம் காலை அகட்டிக்கொண்டு வாத்து மாதிரி நடந்து வந்தார். அன்று அவர் யாரையும் ஏசவில்லை. பால்வெட்டுக்காரர்களுக்கு அது ஒரு நல்ல நாள்.

மறுபடியும் கித்துல்கலை.

"கயிறு ஆடுது. பெல்ட்டு கடிக்குது. என்ன சாமான் விக்கிறீங்க நீங்க?"

"கயிறு ஆடும்டு நான் அண்டைக்கே சென்னேன்," என்றார் நஜீப். "ஒங்களுக்குக் கயிறே வேணாம். இந்தப் பட்டி போதும்." முழ நீளத்தில் ஒரு தடித்த பட்டியைக் கொடுத்தார். ஒரு முனை முதுகு வளையத்தில், மறு முனை பூட்டு வழியாகக் கம்பத்தில்.

"கடிக்கிறதுக்கு?"

"கடிக்காத பெல்ட்டு ஒலகத்துலயே இல்ல ஐயா. ஆள் தொங்கினா அது கடிக்கத்தான் செய்யும். உள்ளுக்கு ஏதாவது துணிய சுத்திப் பாருங்க."

அந்தத் துணிக்குத்தான் நாகலிங்கம் கிருஷ்ணகுமாரியின் பழைய நூல் சேலை ஒன்றை எடுத்துத் துண்டு துண்டாக வெட்டினார். அது அவள் தலைப்பிரசவத்துக்குக் கட்டிக்கொண்டு போன சேலை என்பது அவருக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது? கட்டிலுக்கு அடியில் அவள் கூட்டும்போது சேலைத் துண்டுகளும் பெல்ட்டும் சேர்ந்து அகப்பட்டன.

"ஏங்க, இது என்னாங்க?"

"அது... டொக்டர் குடுத்தது. முதுகுக்கு."

"முதுகுக்கு என்னா?"

"எலும்பு கொஞ்சம் வெலகியிருக்காம். டெங்கு வந்ததுக்குப் பொறகு. யாருகிட்டயும் சொல்லாத."

அவள் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் அழுதாள், அவ்வளவுதான். சாயந்திரத்துக்குள், கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு முதுகெலும்பு உடைந்து பெல்ட் போட்டுத்தான் நடக்கிறார், அப்படியும் அம்மனுக்குக் காவடி எடுக்கப் போகிறார் என்று தோட்டம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. காலை அகட்டி நடந்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது. கிழவிகள் அவரைக் கண்டால் கும்பிட்டார்கள். தோட்டத்தை நடத்தும் துரையே கூப்பிட்டு, "வேண்டாமே," என்றார்.

வேண்டாம் என்று சொல்ல இதை விட நல்ல சந்தர்ப்பம் இனிக் கிடைக்குமா? துரையே சொல்கிறார், முதுகும் சாக்காக இருக்கிறது. ஆனால் கும்பிடு வாங்கிப் பழகிய மனிதருக்குப் புத்தி எங்கே வேலை செய்யும்? "உசுரு போனாலும் பரவாயில்லைங்க தொரை. ஆத்தாளுக்குக் குடுத்த வாக்கு," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த நாளே முள் குத்தும் மூக்கையா தேடி வந்தார். நிவித்திகலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து திருவிழாவுக்கு வருடா வருடம் வருகிறவர். சூதுவாது தெரியாத ஆள். ஒன்றும் மறைக்காத மனிதரிடம்தான் மறைப்பது கஷ்டம்.

"கேள்விப்பட்டேங்க. முதுகு ஏலாதாமே?"

"ஆமா மூக்கையா. பெல்ட்டு கழட்டக் கூடாதுன்னு டொக்டர் சொல்லிட்டாரு. மேல பட்டுத்துணியும் மாலையும் போட்டு மறைச்சிக்கலாம்."

"பெல்ட்டுக்கு நடுவுல எடம் இருக்குதுங்க, அது போதும். ஆனா ஏலாத முதுகுங்களே. பாரம் ஒரே எடத்துல விழக் கூடாது." மூக்கையா கொஞ்சம் யோசித்தார். "மத்தவங்களுக்குப் போடுற மாதிரி ரெண்டு மடங்கு முள்ளு போட்டுர்றேங்க. அப்பத்தான் பாரம் பிரிஞ்சு நிக்கும்."

நாகலிங்கம் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "எதுக்கு மூக்கையா செரமம்?"

"உங்களுக்குச் செய்யாம யாருக்குங்க செய்யிறது?"

திருவிழா அன்று காலையில், ஆற்றில் குளித்து மஞ்சள் வேட்டியில் நின்ற நாகலிங்கத்தின் கால்களைக் கிருஷ்ணகுமாரி மஞ்சள் நீர் ஊற்றிக் கழுவினாள். விரதம் இருந்து இளைத்துப்போயிருந்தாள். காலில் விழுந்து எழுந்தபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"நீங்க எனக்காகத்தான் பொழைச்சு வந்தீங்க. ஆத்தா உங்களக் கைவிட மாட்டா," என்றாள்.

அந்த ஒரு நிமிடம் நாகலிங்கத்துக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று வாயைக்கூடத் திறந்தார். அதற்குள் தப்பு முழங்கியது, யாரோ மாலையைப் போட்டார்கள், வாய் மூடிக்கொண்டது.

கோவிலுக்குப் பின்னால் துணி கட்டி மறைத்த இடத்தில் மூக்கையா வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு முள்ளுக்கும் நாகலிங்கம் "அரோகரா!" என்று ஊரே அதிரக் கத்தினார். வெளியே நின்றவர்கள் பக்திப் பரவசம் என்று நினைத்துப் பதிலுக்குக் கத்தினார்கள். இரண்டு மடங்கு முள்ளுக்கு இரண்டு மடங்கு அரோகரா. மூக்கையா முட்களின் கயிறுகளைக் கம்பத்தில் கட்டி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, தப்படிக்காரர்களுக்குச் சொல்லத் துணிக்கு வெளியே போனார்.

"டேய், இப்ப மாட்டுடா," என்றார் நாகலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு.

தினேஷின் ஒரு கை அவர் முதுகில் மாலைக்கு அடியில் போனது. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"திருகுனியா?"

"எல்லாம் சரிங்க ஐயா."

கம்பம் உயர்ந்தது. நாகலிங்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பெல்ட் தொடையைக் கடிக்கப் போகிற நொடிக்காகக் காத்திருந்தார்.

கடிக்கவில்லை.

ஒரு கண்ணைத் திறந்தார். கீழே சனங்களின் தலைகள் தெரிந்தன. தொடை சுகமாக இருந்தது, அக்குளும் சுகமாக இருந்தது. முதுகில் யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது மாதிரி ஒரு இழுப்பு, அவ்வளவுதான். சேலைத் துணியின் மகிமை, என்று நினைத்துக்கொண்டார். கடிக்காத பெல்ட் உலகத்திலேயே இல்லை என்றானே அந்த நஜீப், அவனுக்கு வியாபாரமே தெரியவில்லை. முட்களைப் பற்றி அவர் நினைக்கவேயில்லை. அவை ஒப்புக்குத்தானே குத்தியிருக்கின்றன?

ட்ரெக்டர் நகர்ந்தது. நாகலிங்கம் சிரித்தார். கையை விரித்துப் பறவை மாதிரி ஆட்டினார். பள்ளத்தில் ட்ரெக்டர் குலுங்கியபோதும் சிரித்தார். ஒரு பெண் கைக்குழந்தையை மேலே நீட்ட, வாங்கி நெற்றியில் விபூதி பூசித் திருப்பிக் கொடுத்தார். போன்களை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சனங்கள் பின்னால் ஓடினார்கள். ருவான்வெல்லையிலிருந்து வந்த சிங்களக் குடும்பம் ஒன்று, "சாது! சாது!" என்று கும்பிட்டது.

பங்களாச் சந்தியில் அவருக்கு மைக் ஞாபகம் வந்துவிட்டது. தொங்கியபடியே கேட்டு வாங்கினார்.

"தாய்மார்களே! எனக்கு முதுகெலும்பு வெலகியிருக்கு. டொக்டர் வேணாம்னாரு, தொரை வேணாம்னாரு. பாத்துக்குங்க, எனக்கு வலிக்குதா? பக்தி உள்ளவனுக்கு வலிக்காது! போன வருசம் இதே கம்பத்துல ஒருத்தரு 'அம்மா'ன்னு கத்துனாரே, ஞாபகம் இருக்கா?"

சனங்கள் சிரித்தார்கள். ட்ரெக்டர் ஓட்டிக்கொண்டிருந்த தினேஷ் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பள்ளத்தைச் சுற்றிப் போகாமல் நேராக விட்டான். நாகலிங்கம் அதற்கும் சிரித்தார்.

கோவிலுக்குத் திரும்பி, துணி மறைப்புக்குள் கம்பத்தை இறக்கினார்கள். கிருஷ்ணகுமாரி வெளியே நின்று அழுதுகொண்டே எல்லாரிடமும் தன் புருஷனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூக்கையா கயிறுகளை அவிழ்த்தார், ஒவ்வொரு முள்ளாக உருவி விபூதி வைத்து அழுத்தினார். வேலை முடிந்ததும், தன்னை விட வயதில் சின்னவரான நாகலிங்கத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

"எத்தனையோ பேருக்குக் குத்தியிருக்கேங்க. இப்படிச் சிரிச்சுக்கிட்டே போயி வந்தவங்கள நான் கண்டதில்ல. உங்களுக்குக் குத்துனதே எனக்குப் பாக்கியம்," என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முட்களைக் கழுவ வெளியே போனார்.

நாகலிங்கத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இத்தனை வருடம் முள் குத்துகிற ஆள், உள்ளே இருக்கும் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தும் விஷயத்தைக் கண்டுபிடிக்கவில்லையே. தலைவர் பதவி இனி ஆயுளுக்கும் அவருக்குத்தான். பாயில் குப்புறப் படுத்தபடியே தலையைத் திருப்பினார்.

"டேய் தினேஷ், அந்தக் கெழவன் வர்றதுக்குள்ள பூட்டக் கழட்டி எங்கயாச்சும் ஒளிச்சு வையிடா. சீக்கிரம்."

தினேஷ் அவர் முதுகுப் பக்கம் போகவேயில்லை. தன் களிசான் பைக்குள் கையை விட்டான்.

"இதுங்களா ஐயா?" என்று, கரபினரை அவர் மூக்குக்கு நேரே நீட்டி 'டக்' என்று ஒரு தடவை மூடிக் காட்டினான். "இது காலையில இருந்து என் பைக்குள்ளதாங்க இருக்குது."